ரோஸ் நிறப் பெட்டிக்குள் உளி

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில் ‘த கிராண்ட் புடாபெஸ்ட் ஹொட்டேல்’ (2014) பற்றி எழுதியவர், பார்க்க அழகான கேக் பெட்டி, திறந்தால் ஒன்றுமில்லை என்று முடித்திருந்தார். அந்தப் படத்தின் நான்கு ஒஸ்காரும் அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை, இசை என்று போனதையும், திரைக்கதைக்கு ஒன்றும் வராததையும் சாட்சிக்கு இழுத்திருந்தார். சரி, தகவல் பிழையில்லை. ஆனால் அந்தக் கேக் பெட்டி என்ற சொல்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. படத்தில் சிறைக்கு வரும் பாணைக்கூட விடாமல் வெட்டிச் சோதிக்கும் காவலாளி, ரோஸ் நிறப் பெட்டியில் வந்த கேக்கை மட்டும் அழகைப் பார்த்துவிட்டு வெட்ட மனமில்லாமல் அப்படியே விட்டுவிடுகிறான். சிறையை உடைக்கும் உளி, சுத்தியல் எல்லாம் அதற்குள்தானே போகிறது!

இதை இயக்கிய வெஸ் அண்டர்சனின் எல்லாப் படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். 2021இல் வந்த ‘த பிரெஞ்ச் டிஸ்பாட்ச்’ஐ இரண்டு இரவாகப் பார்த்தும் சுவர்களின் நிறம்தான் நினைவில் நிற்கிறது, ஆட்கள் இல்லை. என் மகள் அதைத்தான் அவருடைய நல்ல படம் என்கிறாள், அது எங்கள் வீட்டுச் சண்டை.

‘கிராண்ட் புடாபெஸ்ட்’ அப்படியில்லை. 1930களுக்குப் போனால் திரை பழைய படம் போலக் கிட்டத்தட்ட சதுரமாகிறது, 1960களில் அகலமாக விரிகிறது, வருடத்தை யாரும் வசனமாகச் சொல்லத் தேவையில்லை. பிறகு அந்த ரயில். முதல் முறை சிப்பாய்கள் ஏறி, அகதியாக வந்த ஹொட்டேல் பையன் சீரோவின் பயணப் பத்திரங்களைக் கேட்டு இழுபறிப்படும்போது, மேலதிகாரி, கூட வரும் ஹொட்டேலின் தலைமை வரவேற்பாளர் குஸ்தாவைத் தெரிந்தவராக இருந்ததால் இருவரும் தப்புகிறார்கள், நாமும் சிரித்துவிடுகிறோம். இரண்டாம் முறை, அதுவரை இனிப்புக்கடை மாதிரி இருந்த படம் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. தெரிந்த அதிகாரி இல்லை, அவர் எழுதிக்கொடுத்த கடிதமும் உதவவில்லை. குஸ்தாவைச் சுட்டதைக்கூடக் காட்டுவதில்லை, வயதான சீரோ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

பஸ்ஸை மறித்து இறக்கி ஐ.சி. (அடையாள அட்டை) பார்த்த போர்க்காலத்தில் காலி வீதியில் தினமும் வேலைக்குப் போய்வந்தவன் நான். அந்த ரயில் பெட்டிக் கதவு திறந்தபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06