பதினோரு நிமிட வேலைக்கு நான்கு நடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். எத்தனை பெண்கள் வந்தார்கள், யார் குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பதெல்லாம் இருந்தது. சோதனையில் சந்தேகம் என்று எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பது மட்டும் இல்லை. கிராம சுகாதார செவிலியராக 28 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு எண்கள்தான்.

சோதனை எளிது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தொடங்கியிருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். பெண்களை அழைத்து வருவது எங்கள் பாடு. நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, மாமியாரிடம் தனியாகப் பேசி, திரைச்சீலை இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் பலர் கிளம்புவார்கள். உள்பாவாடை கிழிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வராமல் இருந்தவர்கள் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், தலைவலி என்பார்கள்.

அப்படிக் கூட்டி வந்தவர்களில் ஒருத்தி, முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள், வயது நாற்பது இருக்கும். வெளுத்த இடம் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். இரண்டு பஸ் மாறிப் போனாள். இன்றைக்கு அந்த டாக்டர் வரும் நாள் இல்லை என்றார்கள். இரண்டாம் நடையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நடையில் முடிவு வந்திருந்தது, ஆனால் வெளுத்த இடத்தை உறையவைத்து அழிக்கும் கருவிக்கு சிலிண்டரில் கியாஸ் இல்லை. அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் மடித்தபடி இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அவள் வீட்டுக்குப் போனபோது நான்தான் அதைப் பார்த்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு நானே உடன் போனேன். மூன்று நிமிடம் உறையவைத்தார்கள், ஐந்து நிமிடம் விட்டார்கள், மறுபடி மூன்று நிமிடம். பதினோரு நிமிடம். எழுந்து உட்கார்ந்தவள், இவ்வளவுதானா என்று கேட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே வழி காட்டியிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வினிகர் சோதனை செய்தவர்கள், பயிற்சி பெற்ற நர்சுகள்தான். வெளுத்த இடம் தெரிந்தால் அங்கேயே உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, சதை எடுத்து, தகுதியானவர்களுக்கு அதே அமர்வில் உறையவைக்கும் சிகிச்சையையும் கொடுக்க முன்வந்தார்கள். ஒரே ஒரு சுற்றுச் சோதனைதான். 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது: சோதனை நடத்தாத ஊர்களைவிட, நடத்திய ஊர்களில் இந்த நோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைவு. சோதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த எண்களை எடுத்துச் சொல்கிறோம். அதே அமர்வில் சிகிச்சை என்ற பகுதியைத்தான் வசதியாக மறந்துவிட்டோம்.

ஒரே நாளில் செய்தால் தேவையில்லாத சிலருக்கும் சிகிச்சை போய்ச் சேரும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். உண்மைதான், வெளுப்பெல்லாம் நோய் அல்ல. வெளுத்த இடம் பெரிதாக இருந்தாலோ, புற்றுநோயே என்ற சந்தேகம் இருந்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதிலும் மறுப்பு இல்லை. ஆனால் மற்றவர்களை நான்கு நடை நடக்கவிட்டு, பாதி வழியில் இழப்பதும் ஒரு தவறுதான் அல்லவா? அதை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சிலிண்டர் தொல்லைக்கும் இப்போது மாற்று இருக்கிறது. பேட்டரியில் ஓடும், கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைச் சூட்டால் அழிக்கும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

முகாம்களில் இன்னொன்றும் பார்க்கிறேன். எண்ணிக்கைக்காக அறுபது வயதுப் பாட்டிகளையும் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும். அங்கே வினிகர் வைத்துப் பயனில்லை. அந்த வயதில் ரத்தம் பட்டால் முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கும் சோதனை பரவலாக வரட்டும், நானும் வரவேற்கிறேன். திரைச்சீலைக் கவலை ஒழியும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் செவிலியர்கள் மாதிரியைச் சேகரித்து ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனையே இந்த நோயால் ஏற்படும் சாவைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு பிறகுதான் வரும். கொடுத்த செல்பேசி எண் பல வீடுகளில் கணவனுடையது, அல்லது வெளியூரில் இருக்கும் மகனுடையது. யாரிடம், எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்து. 2030க்குள் எழுபது பேரைச் சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்த எழுபதை எல்லா மேடையிலும் கேட்கிறேன். நோய் தெரிந்தவர்களில் தொண்ணூறு சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது.

உங்கள் நிருபர் இனி முகாமுக்குப் போனால், மேடையை விட்டு இறங்கி அந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டம் சிகிச்சை பெற்ற தேதி. எத்தனை வரிகளில் அது காலியாக இருக்கிறது என்று எண்ணி எழுதினால், அந்தச் செய்தியை நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.