கிப்லிங் ஸ்டேஷனில் வழி சொன்ன அக்காவுக்கு நன்றி

டொராண்டோவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் உதவும் என்பதால், பெயர் சொல்லாமலே போய்விட்ட அந்த அக்கா விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்.

பியர்சன் விமான நிலையத்திலிருந்து 900 பஸ் கிப்லிங் சுரங்க ரயில் ஸ்டேஷனுக்கு வரும். அங்கே 2ஆம் லைன் ரயிலில் ஏறி, கடைசி நிறுத்தமான கென்னடியில் இறங்கினால் நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்குப் பஸ்கள் கிடைக்கும். பழைய ஸ்கார்பரோ ரயில் 2023இல் நின்றுவிட்டது. பழைய மேப்பை நம்ப வேண்டாம்.

பிரஸ்டோ கார்டை (பயணக் கட்டணக் கார்டு) இயந்திரத்தில் தட்டினால் 2 மணி நேரத்துக்கு ஒரே கட்டணம்தான். வங்கிக் கார்டையும் தட்டலாம். ஆனால் முதலில் வங்கிக் கார்டைப் பதிந்த போனைத் தட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அதே வங்கியின் பிளாஸ்டிக் கார்டைத் தட்டினால் இயந்திரத்துக்கு அவை வேறு வேறு கார்டு; கட்டணமும் இரண்டு முறை போகும். ஆளுக்கொரு கார்டு கட்டாயம் வேண்டும். டிடிசியில் (டொராண்டோ நகரப் பஸ், சுரங்க ரயில்) ஏறும்போது தட்டினால் போதும். நகரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போகும் கோ ரயிலிலோ இறங்கிய பிறகும் தட்ட வேண்டும், மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

அக்கா, வேலைக்குப் போகும் அவசரத்திலும் பெரியவர்களின் பெட்டிகளை லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு வந்தீர்கள். மனமார்ந்த நன்றி.