பஸ்ஸை நிறுத்துங்கள், பிள்ளைகளை நடக்க விடுங்கள்: செட்டிநாட்டுப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கம் பள்ளி நடத்துகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். வருகிற கல்வியாண்டில் இளைஞர்களுக்கான சர்வதேச விருதுத் திட்டத்தில் சேரலாமா என்று உங்களில் சிலர் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம், சேருங்கள். அதற்கு முன் ஓய்வுபெற்ற ஒரு பி.டி. வாத்தியார் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் பிரிட்டனில் எலிசபெத் ராணியின் கணவரான எடின்பரோ கோமகன் பிலிப் பெயரில் தொடங்கியது. அதற்கு மூளையாக இருந்தவர் அவருடைய பழைய தலைமையாசிரியர் கர்ட் ஹான். ஹிட்லரை எதிர்த்ததால் 1933இல் சிறைப்பட்டு, பிறகு ஜெர்மனியை விட்டு வெளியேறி, ஸ்காட்லாந்தில் பள்ளி தொடங்கியவர். 1953இல் எவரெஸ்ட்டில் முதன்முதலாக ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஹன்ட்தான் திட்டத்தின் முதல் இயக்குநர். இந்தியாவுக்கு 1962இலேயே வந்துவிட்டது. 14 முதல் 24 வயது வரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் தன்னார்வத் தொண்டு, ஏதாவது ஒரு திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று நான்கு பகுதிகள். தங்கத்துக்கு மட்டும் வெளியூரில் தங்கிச் செய்யும் வேலை ஒன்று கூடுதலாக உண்டு. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. பிள்ளை தனக்குத் தானே இலக்கு வைத்துக்கொண்டு, அதை எட்டினால் விருது. ரேங்க் கார்டிலேயே வளர்ந்த நமக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

இவ்வளவு வருஷமாக இங்கே இருக்கிற திட்டம், அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிக்கிற நம் பிள்ளைகள் காதில் விழவே இல்லை. பெரும்பாலும் கட்டணம் அதிகமுள்ள பள்ளிகளோடு நின்றுவிட்டது. சரி, அதை மாற்றலாம். அதைவிட என்னை உறுத்துவது, சேர்ந்த பிறகு அது நடக்கிற விதம்.

ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சாகசப் பயணம் என்று இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போனார்கள். கூடாரம் முன்கூட்டியே அடித்துவைத்திருந்தது. சாப்பாடு கேட்டரிங்காரர் பொறுப்பு. ராத்திரி நெருப்பு மூட்டி ஸ்பீக்கரில் பாட்டு, காலையில் கயிற்றில் தொங்கிப் போட்டோ, மத்தியானம் பஸ். அங்கே எந்தப் பிள்ளையும் எந்த முடிவும் எடுக்கவில்லை. வழியைக் கேட்கவில்லை, சோறு வடிக்கவில்லை, தண்ணீர் தீர்ந்துபோய்த் திண்டாடவும் இல்லை. அது சுற்றுலா. சுற்றுலாவில் தப்பொன்றும் இல்லை, அதற்கு விருதின் பெயர் எதற்கு?

திட்டத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள். குழுவில் நான்கு முதல் ஏழு பேர்தான். போகிற வழி, பயணத்தின் நோக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே திட்டமிட வேண்டும். முதலில் ஒத்திகைப் பயணம், அப்புறம்தான் விருதுக்குக் கணக்கில் வருகிற தகுதிப் பயணம். வெண்கலத்துக்கு இரண்டு பகல் ஒரு இரவு, வெள்ளிக்கு மூன்று பகல் இரண்டு இரவு, தங்கத்துக்கு நான்கு பகல் மூன்று இரவு. வெண்கலத்தில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது உருப்படியான உழைப்பு இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கூடவே கையைப் பிடித்து நடக்கக் கூடாது, கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரத்தில் இருந்தால் போதும். மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள் போகலாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற இலவச சைக்கிளுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மலைவாசஸ்தலம் எதற்கு? ஒத்திகைக்குக் கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடிவரை நடக்கட்டும். மெயின் ரோட்டில் வேண்டாம், கண்மாய்க்கரையிலும் வண்டிப்பாதையிலும் போகட்டும். செல்போன் மேப் அவர்களைத் திரும்பத் திரும்பத் தார்ச்சாலைக்கே இழுக்கும். கரைவழி எங்கே பிரிகிறது என்பதை ஆடு மேய்க்கிறவரிடம் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சுதான் பயிற்சி. பயணத்துக்கு நோக்கம் வேண்டுமே, ஊருணிகளை எடுத்துக்கொள்ளலாம். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருணிக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வரத்துக்கால் இன்னும் திறந்திருக்கிறதா, எந்த இடத்தில் கட்டடம் மறித்துவிட்டது என்று வரைபடம் போட்டு வரட்டும். மழை குறைந்த இந்தச் சீமையில் நம் முன்னோர் முற்றத்து மழையைக்கூட வீணாக்காமல் பிடித்துவைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற வரைபடம் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கூட உதவும்.

தகுதிப் பயணம் பழக்கமில்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலைக்குப் போகலாம். பாரியின் பறம்பு என்று தமிழ்ப் பாடத்தில் படித்ததைக் காலால் ஏறிப் பார்க்கட்டும். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம், மேலே தர்கா. இல்லையென்றால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை மையமாக வைத்து இன்னொரு பாதை போடலாம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினாலே, பயண அறிக்கையில் பாதி எழுதியாகிவிடும். தங்குவதற்குக் கூடாரம் இல்லையே என்று கவலை வேண்டாம். சத்திரங்களுக்கும் நகரத்தார் விடுதிகளுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமா?

"பிள்ளைகளைத் தனியாக நடக்க விடுவதா, பெற்றோர் சண்டைக்கு வருவார்களே" என்பீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பெண்கள், வயசாளிகள் என்று எல்லோரும் நடக்கிற ஊர் இது. நடையைக் கண்டு நம் வீடுகள் பயப்படுவதில்லை. ஆனால் பாதயாத்திரையையே சாகசப் பயணமாகக் கணக்கு வைத்துவிடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முடியாது. அங்கே வழி முன்னோர் போட்டது, சாப்பாடு அன்னதானம், முன்னால் பெரியவர்கள். பிள்ளை முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை. பாதயாத்திரை தனி, இது தனி.

பயம் நியாயமானதுதான். அதற்குத் தயாரிப்பு என்று ஒன்று இருக்கிறது. வெயிலுக்கு முன் காலை ஐந்தரைக்கே கிளம்புவது, புதுச் செருப்பில் நடக்காமல் பழகின ஷூவில் நடப்பது, ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதது, பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுவதும் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்று மனதில் பதியவைப்பது, இதெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டியவை. மேற்பார்வையாளர் வண்டியோடு அடுத்த ஊரில் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் குழுவுக்குப் பெண் மேற்பார்வையாளர். பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு மட்டும் தொடங்காதீர்கள். பிரிட்டனிலேயே முதலில் பையன்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 1958இல்தான் பெண்களுக்குத் திறந்தார்கள். அந்த இரண்டு வருஷத் தாமதத்தை நாம் மறுபடி செய்து பார்க்கத் தேவையில்லை.

மற்ற மூன்று பகுதிகளுக்கு உங்களுக்கு அவ்வளவு சிரமம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மணி நேரம் போதும். வெண்கலத்துக்குத் தலா மூன்று மாதம், அதில் ஏதாவது ஒன்று மட்டும் ஆறு மாதம். உடற்பயிற்சியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். அந்தக் கடனை என் காலத்தில் யாரும் திருப்பித் தந்ததில்லை.

திறன் பகுதிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றை எழுதிவைத்து முடித்துவிடாதீர்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றித் தரைக்கல் போடுகிறார்கள். கண்டாங்கி நெசவு இருக்கிறது, பனை ஓலையில் கொட்டான் என்கிற கூடை பின்னுகிற ஆச்சிகள் இருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், மதிப்பீட்டாளர் பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. அந்த வேலை தெரிந்தவராக இருந்தால் போதும், பிள்ளைக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே ஆத்தங்குடிக் கல் போடுகிற மேஸ்திரி கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கு விருது, போடாவிட்டால் இல்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரிடம் பிளஸ் டூ பிள்ளை கைகட்டி நின்று கற்றுக்கொள்வது நல்லதுதானே.

தொண்டு என்றதும் துடைப்பத்தோடு ஒரு நாள் போட்டோ எடுப்பது நம் வழக்கம். ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் பெருக்குவதும் பன்னிரண்டு வாரம் தவறாமல் ஒரு மணி நேரம் வருவதும் ஒன்றாகாது. நம் ஊர்களில் ஆயிரம் ஜன்னல் வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்ல, பேங்க் மெசேஜ் உண்மையா மோசடியா என்று பார்க்க, பேரனோடு வீடியோவில் பேசவைக்க வாரம் ஒரு முறை ஒரு பிள்ளை வந்தால் ஆச்சிக்கு அது பெரிய உதவி. எப்போதும் இரண்டு பேராகப் போகட்டும், பள்ளிக்குத் தெரிந்த வீடாக இருக்கட்டும். சம்பளம் வாங்கக் கூடாது. ஆச்சி கொடுக்கிற சீடையைச் சம்பளத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பணத்துக்கு வருவோம். பதிவுக் கட்டணம் உண்டு, பயணச் செலவு உண்டு. தன் சொத்தையே கல்லூரிகளாக மாற்றிய அழகப்பரின் ஊரில் இதற்குக் கொடையாளர் கிடைக்க மாட்டார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. சிக்கல் என்னவென்றால் கட்டடம் கொடுத்தால் கல்வெட்டு வைக்கலாம், ஏழு பிள்ளைகள் பிரான்மலைக்கு நடந்ததற்கு எங்கே கல்வெட்டு வைப்பது? பழைய மாணவர்களிடமும் நகரத்தார் சங்கங்களிடமும் நீங்கள்தான் பேச வேண்டும். வசதியுள்ள பள்ளி ஒன்று பக்கத்து உதவிபெறும் பள்ளியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தொடங்கினாலும் நல்லது. கலந்த குழுவாக நடக்கட்டும்.

காலக் கணக்கும் போட்டுவிட்டேன். 14 வயது நிறைந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூனில் பதிவு செய்தால், ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தகுதிப் பயணம். அப்போதுதான் வெயில் தாழ்ந்திருக்கும், வேட்டங்குடியில் பறவையும் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புக்குள் நுழையுமுன் வெண்கலம் கையில். பத்தாம் வகுப்பில் தொட வேண்டாம், பெற்றோரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. பதினொன்றில் வெள்ளி.

மே மாதத்துக்குள் நீங்கள் எல்லோரும் ஒரு கூட்டம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்தப் பள்ளி சேருகிறது, பயிற்சி எடுத்துக்கொள்ள ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எந்த ஆசிரியர் போகிறார், அவருக்கு வாரத்தில் எந்தப் பீரியடுகள் ஒதுக்குகிறீர்கள் என்பதை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவதை முடிவு செய்யாவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும். ஒத்திகைப் பாதைகளை முன்கூட்டியே நடந்து பார்த்துத் தர நானும், என்னைப் போல ஓய்வுபெற்ற இன்னும் சில பி.டி. வாத்தியார்களும் தயார். சம்பளம் வேண்டாம், மத்தியானச் சாப்பாடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி