‘பாத்துக்கலாம்’: ஆறுதலா, சவாலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரட்டையில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தால் முகமாகத் தெரியும் :-) குறியால் சிரிப்பது மொழியைக் கெடுக்கும் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களால் அதை ஏற்க முடியவில்லை. எழுத்தில் குரல் இல்லை. அந்தக் குறையை இவ்வளவு சுருக்கமாக நிரப்ப வேறு வழியும் இல்லை. கோளாறு குறியில் இல்லை, அதை இடம் தெரியாமல் போடுவதில் இருக்கிறது.

“வாங்க, பாத்துக்கலாம்” என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கவலைப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம் என்ற ஆறுதலும் அதுதான். வந்து பாருங்கள், ஒரு கை பார்த்துவிடுவோம் என்ற சவாலும் அதுதான். நேரில் பேசும்போது ‘லாம்’ என்பதை இழுக்கிற விதத்தில் எது என்று தெரிந்துவிடும். திரையில் அந்த இழுப்பு கிடையாது. “வாங்க, பாத்துக்கலாம் :-)” என்று போட்டால் ஆறுதல் மட்டும் நிற்கும்.

‘சரி’ இதைவிடச் சிக்கல். பேச்சில் சரிப்பா, சரிங்க, சரி சரி, ம்... சரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. அரட்டையில் “சரி.” என்று முற்றுப்புள்ளியோடு வந்தால் கோபமோ என்று பலருக்கும் தோன்றும். அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு புள்ளி என்றால், வேண்டுமென்றே வைத்ததாகத்தானே படும்?

இந்தச் சங்கடம் கணினி உரையாடலின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்தியதாக வேடிக்கையாக எழுதியதைச் சிலர் உண்மையான எச்சரிக்கை என்று நம்பிவிட்டார்கள். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்மொழிந்தார். கூடவே அவர் சொன்ன :-( அப்போது வருத்தத்துக்கு அல்ல, ‘இது வேடிக்கை இல்லை’ என்பதற்கு. நாளடைவில் அது வருத்தமாகிவிட்டது.

பெரும்பாலானவர்கள் தவறுவது இடத்தில்தான். எந்த வாக்கியத்தின் தொனியைக் காட்ட வேண்டுமோ, அதன் முடிவில், ஓர் இடைவெளி விட்டுப் போட வேண்டும். பிறகு முற்றுப்புள்ளி வேண்டாம்.

“நாளைக்கும் லேட்டா வருவீங்களா ;-) ஃபைலை மறக்காம அனுப்பிடுங்க”

இதில் கேலி எது, வேலை எது என்பது தெளிவு. அதே குறியைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள்:

“நாளைக்கும் லேட்டா வருவீங்களா? ஃபைலை மறக்காம அனுப்பிடுங்க ;-)”

இப்போது முதல் வரி கண்டிப்பாகிவிட்டது. ஃபைல் கேட்டதுதான் விளையாட்டுப் போல ஆகிவிட்டது. கேலியை நம்பியிருக்கும் வரிக்குக் குறி கட்டாயம். மின்னஞ்சலில் எழுதும் கிண்டல் எதிராளிக்குப் புரிந்துவிடும் என்று எழுதுபவர்கள் தேவைக்கு மேல் நம்புகிறார்கள் என்பதை 2005இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

குறியால் முடியாததும் உண்டு. “நீங்க செஞ்சது தப்பு :-)” என்பது கண்டிப்பைத் தணிக்காது, ஏளனமாகவே விழும். இரங்கல், கடன் கேட்பது, மறுப்புச் சொல்வது, இவற்றுக்குச் சொற்களே வேண்டும். சாய்கோடு போட்ட :-/ தயக்கமா சலிப்பா என்று அவரவர் விருப்பப்படி படிப்பார்கள். அதைத் தவிர்த்துவிட்டு, தயக்கம் என்றால் தயக்கம் என்றே எழுதலாம்.

இனி இயந்திரம் செய்யும் குளறுபடிகள். வரிசை எண்ணாக 8) என்று தட்டினால் சில செயலிகள் அதைக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமாக்கிவிடும். எண்ணுக்குப் பின் அடைப்புக்குறிக்குப் பதில் புள்ளி வையுங்கள். சில மின்னஞ்சல் மென்பொருள்கள் சிரிப்புக்குறியை, எழுத்துக்குப் பதில் படம் காட்டும் விங்டிங்ஸ் எழுத்துருவுக்கு மாற்றும். அந்த எழுத்துரு இல்லாதவருக்கு வரியின் முடிவில் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் தெரியும். மாறியவுடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் சிரித்தால் :-)) என்று இரண்டு சேர்ந்துகொண்டு எது எதற்கு என்று தெரியாது. அங்கே அடைப்பை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். இணைப்பு முகவரியை ஒட்டியும் குறி வைக்காதீர்கள். முகவரியோடு அதுவும் சேர்ந்து இணைப்பு திறக்காமல் போகக்கூடும்.

குறுஞ்செய்தியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு செய்திக்கு 160 இடம். :-) மூன்று இடம் பிடிக்கும். ஜப்பானில் 1986 வாக்கில் பிறந்த, தலையைச் சாய்க்காமல் பார்க்கும் ^_^ ஐந்து பிடிக்கும், ஏனென்றால் கூரைக்குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். ஒரே ஒரு இமோஜி படம் போட்டாலும் மொத்த அளவே 70 ஆகச் சுருங்கி, ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரியும். தமிழ் எழுத்திலேயே எழுதினால் முதலிலிருந்தே 70தான், அங்கே படத்தால் புதிதாக நஷ்டமில்லை.

கடைசியாக, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான். அதன் அமைப்பைப் பொறுத்து :-) என்பதை முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி என்று ஒவ்வொன்றாக வாசிக்கக்கூடும். ஒன்று என்றால் பழகிவிடும். உற்சாகத்தில் பத்து அடைப்புக்குறி அடுக்கினால் கேட்பவருக்குச் செய்தியே மறந்துபோகும். அப்படிப்பட்ட நண்பர் இருக்கும் குழுவில் ‘சும்மா சொன்னேன்’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள், அவருக்கும் சிரிப்பு போய்ச் சேரும்.

இப்படிக்கு,
கணினித் தமிழ்ப் பயிற்றுநர்கள் இருவர்