அப்பாவின் இரும்புப் பெட்டி

புதுச்சேரி,
நவம்பர் 14.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் பேரனைத் தூக்காதே. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மா போன பிறகு அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறக்க மனசே வராமல் இருந்தேன். போன மாதம்தான் திறந்தேன். அதில் மூழ்கிப்போனதால்தான் பதில் தாமதம்.

பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சொல்தா மகன்' என்றுதானே கூப்பிடுவீர்கள்! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்கள் எல்லோருமே இந்த ஊருக்குச் சொல்தாக்கள்தான். பெட்டியில் அப்பாவின் பதக்கங்கள், போர்வீரர் அட்டை, பட்டாளத்தில் கொடுத்த சேவைப் புத்தகம். 1950-ல் பிரான்ஸ் வியட்நாமில் நடத்திய போருக்காகச் சைகோனுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். அங்கிருந்து அல்ஜீரியா. தேதிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 1954 நவம்பர் 1, நம் ஊர் இந்தியாவின் கைக்கு வந்த நாள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிராக விடுதலைப் போர் தொடங்கியது. பிறந்த ஊர் பிரான்சின் கையை விட்டுப் போன பிறகும், பிரான்சுக்காக இன்னொரு நாட்டைக் காக்க அப்பா போயிருக்கிறார். 1962-லும் இதே கதைதான். ஜூலை 5 அல்ஜீரியாவுக்கு விடுதலை, ஆகஸ்ட் 16 புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அதற்கப்புறம் ஊரில் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த ஆறு மாதமும் சொல்தா வீடுகளில் இதே பேச்சுதான் என்று அம்மா சொல்வார்.

உன் அப்பா விடுதலை ஊர்வலத்தில் நடந்தவர். என் அப்பா எதிர்ப்பக்கத்துச் சம்பளம் வாங்கியவர். இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைப் பிரித்துப் படித்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சாயங்காலமானால் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லால் பகதூர் சாஸ்திரி தெருவுக்கு, அவர் வாயில் கடைசிவரை புஸ்ஸி தெரு, கிளம்பிவிடுவார். அங்கேதான் ஃபுவாயே து சொல்தா, பழைய சொல்தாக்கள் கூடும் மன்றம். சீட்டாடவும் பழங்கதை பேசவும் போகிறார்கள் என்றுதான் நாம் நினைத்தோம். பெட்டியில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பழைய சொல்தாக்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது பெரும்பாலும் எழுத்து வேலை. எதிர்வீட்டு மாமாவை எடுத்துக்கொள். அவர் அல்ஜீரியாவில் மட்டும் இருந்தவர். அங்கே நடந்ததைப் பிரான்ஸ் போர் என்றே சொல்லவில்லை, 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கை' என்றுதான் பெயர். அதனால் 1974-ல் சட்டம் வரும்வரை அவருக்குப் போர்வீரர் அட்டை கிடையாது. அந்த அட்டை இருந்தால்தான் 65 வயதில் போர்வீரர் ஓய்வூதியம். போர் என்ற வார்த்தையைச் சட்டத்தில் சேர்த்தது 1999-ல். மாமா அதைப் பார்க்க இல்லை.

விதவைகளின் மனுக்கள்தான் அந்தக் கட்டில் அதிகம். நம் பெயர்களைப் பிரெஞ்சில் எழுதும்போது 'உ' ஓசைக்கு இரண்டு எழுத்து வேண்டும். பிறப்புப் பதிவில் ஒரு விதம், சம்பளப் புத்தகத்தில் இன்னொரு விதம், கல்யாணப் பதிவில் மூன்றாவது விதம். ஓர் எழுத்து மாறியதால் ஒரு அம்மா இரண்டு வருஷம் ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அவருக்காக எழுதிய மனுவின் நகல் ஏழு இருக்கிறது. எல்லாம் அப்பாவின் கையெழுத்து. ஏழாவதன் மேல் பென்சிலில் 'வந்தது' என்று ஒரே வார்த்தை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, செல்வம்.

செவ்வாய்க்கிழமை, 11-ஆம் தேதி, முதல் உலகப் போர் ஓய்ந்த நாள், கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போனேன். காந்தி சிலைக்கு எதிரே, 1938-ல் திறந்தது. நாம் சின்னப் பையன்களாகப் போனபோது சொல்தாக்கள் இரண்டு வரிசை நிறைய நின்றார்களே, இப்போது வயதானவர்கள் ஒரு கைவிரலுக்குள்தான். மற்றதெல்லாம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். சட்டையில் குத்தியிருந்த நீலத் துணிப்பூ சாய்ந்து தொங்கியது. பியூகிள் ஊதியதும் பேரன் தோளைப் பிடித்து எழுந்தார். முழங்கால் நடுங்கியது. ஊதி முடிக்கும்வரை உட்காரவில்லை. பிறகு அவரிடம் போய் அப்பா பெயரைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனு எழுதுவாரே, அவர் பிள்ளையா?" என்று கேட்டார். பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். அவர் சொல்வதை அப்படியே எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கியாகிவிட்டது. யார் யார் கூட இருந்தார்கள், யாருக்கு எந்த மனு போனது, யாருக்குக் கடைசிவரை பதிலே வரவில்லை, எல்லாம் வேண்டும். இந்திய வரலாற்றிலும் அவர்களுக்கு இடம் இல்லை, பிரெஞ்சு வரலாற்றிலும் ஒரு வரிதான். இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

உன்னிடம் ஒரு உதவி. நாம் ஒன்பதாவது படிக்கும்போது உன் அண்ணன் தன் கேமராவில் அந்த நினைவுச் சின்னத்தின் முன்னால் சொல்தாக்களை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாரே, அது அவரிடம் இருக்கிறதா கேள். பெரியவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ரவி