மட்டாஞ்சேரி அரண்மனை பூட்டியிருக்கும் நாளில் சுற்றுலா நடத்தியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கொச்சி ஒருநாள் பாரம்பரியச் சுற்றுலா – முக்கிய இடங்களைக் காட்டாதது – கட்டணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா / அம்மா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். தங்கள் நிறுவனத்தின் கொச்சி சுற்றுலாவுக்கு என் பெயரிலும் அம்மா பெயரிலும் முன்பதிவு செய்து, சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்திருந்தோம். விளம்பரத்தில் முதல் இரண்டு இடங்களாகப் போட்டிருந்தவை மட்டாஞ்சேரி அரண்மனையும் பரதேசி யூத ஆலயமும். இரண்டுக்குள்ளும் நாங்கள் கால் வைக்கவில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. யூத ஆலயத்தை வெள்ளி பிற்பகலில் திறப்பதில்லை, சனிக்கிழமை முழுவதும் கிடையாது. கொச்சியில் ஆட்டோ ஓட்டுபவர்கூடச் சொல்லிவிடுவார். அந்த ஊரிலேயே தொழில் நடத்தும் தங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே அந்த நாளுக்கு முன்பதிவு வாங்கி, இரண்டு இடங்களின் அனுமதிக் கட்டணத்தையும் சேர்த்து வசூலித்திருக்கிறீர்கள். என் முதல் புகார் இதுதான்.

அம்மா பல வருடங்களாகக் கம்பராமாயண வகுப்புக்குப் போகிறவர். அவர் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே அரண்மனைச் சுவரோவியங்களுக்காக. மன்னரின் பள்ளியறையில் ஏறத்தாழ 300 சதுர அடிச் சுவரில், தசரதனின் வேள்வி தொடங்கி ராமன் இலங்கையிலிருந்து திரும்புவது வரை முழுக் கதையும் தீட்டப்பட்டிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர், முட்டிவலியோடு வேனிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தார். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் தங்கள் வழிகாட்டி, "இன்னிக்கு லீவு, வெளியில நின்னு போட்டோ எடுத்துக்குங்க" என்றார். காலையில் வேனில் ஏறும்போதே இதைச் சொல்லியிருந்தால் அம்மா அந்த நடையாவது நடக்காமல் இருந்திருப்பார்.

அங்கே நின்றபடியே, அந்த அரண்மனையை டச்சுக்காரர்கள் கட்டினார்கள் என்றும் வழிகாட்டி விளக்கினார். அது தவறு. கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1555 வாக்கில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்து விரிவாக்கியதால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புனித பிரான்சிஸ் தேவாலயத்திலும் இதே கதைதான். வாஸ்கோடகாமாவின் உடல் இன்னும் இங்கேதான் இருக்கிறது என்றார். 1524-இல் கொச்சியில் இறந்த அவரை அங்கே புதைத்தது உண்மை. 1539-இல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் கம்பி வேலிக்குள் இருப்பது வெறும் கல்லறைக் கல். கூட வந்திருந்த பிள்ளைகள் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. 1341 பெரியாற்று வெள்ளத்தில் பழைய முசிறித் துறை தூர்ந்து, கொச்சி துறைமுகமாக எழுந்தது என்று சொல்லப்படும் வரலாற்றைத் தமிழ்ப் பயணிகளுக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தேவாலயத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரமும் மிகக் குறைவு. கூரையிலிருந்து தொங்கும், கயிற்றை இழுத்து வீசும் விசிறிகளான நீளமான துணி பங்காக்களையும், அவற்றின் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும் விதத்தையும் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வேன் ஹாரன் அடித்துவிட்டது. சீன மீன்பிடி வலைகளைப் பார்த்தது நன்றாக இருந்தது, அதில் குறை இல்லை.

சரி, காலை நேரமெல்லாம் எங்கே போனது? மசாலாக் கடை, கைவினைப் பொருள் கடை, பிறகு மறுபடியும் ஒரு மசாலாக் கடை. மூன்றும் தங்கள் பயணத் திட்டத்தில் இல்லாதவை. ஏலக்காய், மிளகு, தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, யாராவது பில் போடும்வரை வேன் நகரவில்லை. யூதத் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஆலயத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். 1568-இல் கட்டிய ஆலயம். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் பதித்த தரை. நாங்கள் பார்த்தது கடிகாரக் கோபுரத்தை மட்டும், அதுவும் தெருவில் நின்று.

அரண்மனை விடுமுறை என்றால் மாற்று இடமா இல்லை? திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. எர்ணாகுளத்திலிருந்து அது அரைமணி, முக்கால்மணிப் பயணம். கடைகளில் செலவழித்த நேரத்தில் அங்கே தாராளமாகப் போய் வந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனோமே, ரீஃபண்ட் வராது" என்று பதில் வந்தது. பூட்டிய வாசல்வரை கூட்டிப் போனதைப் பார்வையிட்டதாகக் கணக்கு எழுதுவதை நான் ஏற்கவில்லை. அனுமதிச்சீட்டே வாங்காத இரண்டு இடங்களுக்கு எங்களிடம் வாங்கிய பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

நான் கேட்பது இவை. எங்கள் இருவரின் கட்டணத்தில் பாதியையும், அந்த இரண்டு இடங்களின் அனுமதிக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இந்தச் சுற்றுலாவை ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும் நடத்த வேண்டும்; வெள்ளி, சனியில் நடத்தினால் எது மூடியிருக்கும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தெளிவாகப் போட வேண்டும். கடை நிறுத்தங்களைத் திட்டத்தில் நேரத்தோடு குறிப்பிட வேண்டும், வேண்டாம் என்பவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்புறம், வழிகாட்டிகளுக்குச் சரியான வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

முன்பதிவு ரசீது, பயணத் திட்டம், அரண்மனை வாசலில் எடுத்த படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே அதைச் செய்யலாம். பணத்தை முன்பதிவு செய்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்