தடைக்காலத்துக்கு ஒண்ணு, டோக்கன் இல்லாத ராத்திரிக்கு ஒண்ணு

மண்டபம்

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்க எல்லாரும் சுகம். உன் கல்யாணம் எப்பன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. நீயே போன் பண்ணி ஒரு பதிலைச் சொல்லிரு. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு, ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் போகுது. நீ வந்தா ரயில்லயே போவோம்.

டைஸ் ஆட்டத்துல புதுப் பதிப்பை விட்டுட்டுப் பழசுக்குப் போயிட்டீங்களான்னு நீ கேட்டதுக்கு வர்றேன். ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டிக் கதை ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல, புதுசான அஞ்சாம் பதிப்பை நாங்க விட்டுரலை. கூடவே பழசான 1981 பேசிக் பதிப்பையும் ஆடுறோம். காரணம் கடல். நம்ம செட்டுல பாதிப் பேர் விசைப்படகு. காத்து சரியில்லைன்னா கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, அன்னைக்கு அத்தனை பேரும் நம்ம மொட்டை மாடியில. யார் வருவான்னு சாயங்காலம் வரைக்கும் தெரியாது. புதுசுல ஒருத்தன் வரலைன்னா, அவன் கேரக்டர் அப்பாவைத் தேடிப் போற கதை அந்தரத்துல நிக்கும். டாம் மோல்ட்வே எழுதின பேசிக்ல அந்த வம்பே இல்லை. மூணு டைஸை ஆறு தடவை உருட்டினா ஆள் ரெடி. வந்தவன் குகைக்குள்ள இறங்குவான், விடியறதுக்குள்ள வெளியே வந்துரணும்.

பழசுல, அடி படாம காக்குற ஆர்மர் கிளாஸ் எண் குறையக் குறைய நல்லதுங்கிற குழப்பமெல்லாம் ஒரு ராத்திரியில தெளிஞ்சிருச்சு. பழக்கம்தான் லேசுல போகலை. புதுசுல ஆடினவன் கதவைக் கண்டதும் கேரக்டர் விவரம் எழுதின ஷீட்டைப் பார்க்கிறான். "பெர்செப்ஷன் உருட்டட்டா?"ங்கிறான், ஏதாவது கண்ணுல படுதான்னு டைஸையே கேட்கிறதுக்கு. "கையால தடவுறியா, கம்பால குத்துறியா, எந்தப் பக்கம்?"னு ஆட்டத்தை நடத்துற நான் திருப்பிக் கேட்டா முறைக்கிறான். இங்க ஷீட்டுக்கு வேலை கம்மி, அவன் மண்டைக்குத்தான் வேலை.

ஆனா தீப்பந்தக் கணக்கை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கலை. ஒரு பந்தம் ஆறு டர்ன், அதாவது ஒரு மணி நேரம். ரெண்டு டர்னுக்கு ஒருக்கா நான் ஆறுமுக டைஸ் போடுவேன்; ஒண்ணு விழுந்தா இருட்டுல ஏதோ வருதுன்னு அர்த்தம். புதுசுல லைட் கேன்ட்ரிப், அதாவது எத்தனை தடவை வேணாலும் போடலாம்கிற வெளிச்ச மந்திரம், தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா இருட்டுக்குப் பயமே கிடையாது. நம்ம பயலுகளோ டீசலைப் பார்த்துத் தூரம் போறவனுங்க. "பாதிப் பந்தம் தீர்ந்தா படகைத் திருப்பு"ன்னு அவனுங்களே சட்டம் போட்டுட்டானுங்க. ஒரு தங்கக் காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி, கோப்ளின்ங்கிற ஒரு குட்டிப் பூதத்தைக் கொன்னா வெறும் 5. சண்டையில லாபமில்லைன்னு தெரிஞ்சதும் பேரம் பேச ஆரம்பிச்சாங்க பாரு, ஏலக் கூடத்துல கத்துக்கிட்ட பேச்சு!

அதுக்காகப் பழசுதான் உசத்தின்னு சொல்லமாட்டேன். அப்படிச் சொல்றவனுங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. ஹிட் பாயின்ட், அதாவது உசிர்க் கணக்கு, பெரும்பாலும் நாலைத் தாண்டாத, ஒரே மந்திரம் தெரிஞ்ச மந்திரவாதி, பேரு மனசுல நிக்குறதுக்குள்ள செத்துருவான். டோக்கன் இல்லாத ராத்திரிக்கு அது போதும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் தடைக்காலத்துல எல்லாரும் கரையில இருக்கிறப்ப, நீளமான கதை வேணும். அதுக்கு ஆள் உசிரோட இருக்கணும். அஞ்சாம் பதிப்புல பூஜ்யத்துக்கு விழுந்தாலும், பெரும்பாலும் டெத் சேவ்ங்கிற உசிர் பிழைக்கிற டைஸ்ல மூணு தடவை தோத்தாத்தான் சாவு. எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சா முழு பலம். அதான் அப்பா தேடுற கதையைத் தடைக்காலத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கோம்.

பழசுலயிருந்து ஒண்ணை மட்டும் புதுசுக்குக் கொண்டுபோயிருக்கேன்: மொரேல், அதாவது எதிரி ஜந்துவோட தைரியக் கணக்கு. ரெண்டு ஆறுமுக டைஸோட கூட்டு அந்த ஜந்துவோட மொரேலைத் தாண்டினா அது ஓடிரும். கடைசி உசிரு வரைக்கும் அடிச்சுக்கிற சண்டையைப் பார்த்துப் பார்த்து சலிச்சுப்போச்சுடா.

லீவை ஏப்ரல் கடைசிக்குப் போடு. காயம் ஆத்துற பூசாரி, அதான் க்ளெரிக், இடம் காலி. பொறி இருக்கான்னு தட்டிப் பார்க்கிற அந்தப் பத்தடிக் கம்பை மட்டும் எடுத்துட்டு வராதே. புதுசுல நீ ஒவ்வொரு கல்லா தட்டிக்கிட்டிருந்தா மத்தவனுங்க எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவானுங்க. வர்றப்ப டைஸ் ரெண்டு செட் வாங்கிட்டு வா, காசு இங்க தந்துர்றேன்.

உன்
மச்சான்